ஃபுட் ஸ்டாம்ப் அலுவலகத்தில் வாக்காளர் பதிவு: கேட்காமல் விட்டால் யார் தட்டிக் கேட்பது?

கேள்வி கேட்டவர் அமெரிக்காவின் ஓஹையோ மாநிலத்தில் இருக்கிறார். பிள்ளைக்கு மெடிக்கெய்ட் (வருமானம் குறைந்தவர்களுக்கான அரசு மருத்துவக் காப்பீடு) புதுப்பிக்கக் கவுன்ட்டி (நம் மாவட்டம் மாதிரி) அலுவலகத்துக்குப் போனபோது, விண்ணப்பத்தோடு ஒரு தாளை நீட்டி, ஓட்டுப் போடப் பதிவு செய்துகொள்கிறீர்களா, ஆம் அல்லது இல்லை என்று குறியுங்கள் என்றார்களாம். வேறு மாநிலத்தில் இருக்கும் அவருடைய நண்பர் ஃபுட் ஸ்டாம்ப் என்ற அரசு உணவு உதவி வாங்கப் போனபோது யாரும் எதுவும் கேட்கவில்லை. இது சட்டமா அல்லது அந்த அலுவலகத்தின் சொந்த ஆர்வமா, சட்டம் என்றால் கேட்காத அலுவலகத்தை யார் தட்டிக் கேட்பது, கிரீன் கார்டு மட்டும் வைத்திருக்கும் தன்னிடம் ஏன் கேட்டார்கள்? இவைதான் கேள்விகள்.

சட்டம்தான். 1993 மே 20 அன்று கிளின்டன் கையெழுத்திட்ட தேசிய வாக்காளர் பதிவுச் சட்டம். ‘மோட்டார் வோட்டர்’ என்ற பெயரில்தான் பலருக்கும் தெரியும், ஏனென்றால் டிரைவிங் லைசென்ஸ் எடுக்கும்போதே வாக்காளராகவும் பதிந்துகொள்ளலாம் என்ற 5-ஆம் பிரிவுதான் அதில் பிரபலம். நீங்கள் பார்த்தது 7-ஆம் பிரிவு. அதைப் பற்றி அரசாங்க ஊழியர்களிலேயே பாதிப் பேருக்குத் தெரியாது என்று சொன்னால் மிகையாகத் தெரியலாம், ஆனால் பின்னால் வரும் வழக்குகளைப் பார்த்தால் நான் குறைத்துத்தான் சொல்கிறேன் என்று தோன்றும்.

நம் ஊரில் இருந்து பார்ப்பவர்களுக்கு இது ஏன் இவ்வளவு பெரிய விஷயம் என்று புரியாது. இந்தியாவில் வாக்காளர் பட்டியல் தேர்தல் ஆணையத்தின் பொறுப்பு, பிஎல்ஓ வீடு தேடி வருவார், வரவில்லை என்றால் நாம் படிவம் 6 கொடுப்போம். அமெரிக்காவில் வீடு தேடி யாரும் வரமாட்டார்கள். பதிவு செய்துகொள்வது குடிமகனின் தலையில் விழுந்த வேலை, வீடு மாறினால் மறுபடியும் அவர்தான் திருத்த வேண்டும். வாடகை வீட்டில் இருந்து வாடகை வீட்டுக்கு மாறிக்கொண்டே இருக்கும் ஏழைக் குடும்பங்களுக்குத்தான் இதில் அடி அதிகம். சொந்த வீட்டில் இருபது வருஷம் இருப்பவர் ஒரு தடவை பதிந்தால் போதும். அதனால், மக்கள் எப்படியும் போய் நிற்கும் அரசு அலுவலகத்திலேயே பதிவையும் வைத்துவிடலாமே என்ற யோசனை வந்தது. ரேஷன் கார்டில் முகவரி மாற்றப் போனால் அதே மேசையில் வாக்காளர் பட்டியலிலும் மாற்றித் தருவது மாதிரி.

லைசென்ஸ் அலுவலகம் மட்டும் போதாது என்பது சட்டம் எழுதும்போதே தெரிந்திருந்தது. கார் இல்லாதவர், கண் தெரியாதவர், நகரத்தில் பஸ்ஸிலேயே காலத்தை ஓட்டுபவர் லைசென்ஸ் கொடுக்கும் டிஎம்வி பக்கம் போகவே மாட்டார். ஃபிரான்சிஸ் ஃபாக்ஸ் பிவன், ரிச்சர்ட் கிளவர்ட் என்று இரண்டு சமூகவியல் பேராசிரியர்கள், கணவன் மனைவி, 1983 இல் ஹியூமன் சர்வ் என்ற அமைப்பைத் தொடங்கி நலத்திட்ட அலுவலகங்களில் பதிவு நடக்க வேண்டும் என்று பத்து வருஷம் அலைந்தார்கள். 1992 இல் காங்கிரஸ் இப்படி ஒரு மசோதாவை நிறைவேற்றியபோது அப்பா புஷ் வீட்டோ செய்துவிட்டார். 1993 இல் மறுபடி வந்தது. செனட்டில் இழுபறி, பொது உதவி அலுவலகங்களைச் சேர்க்கலாமா கூடாதா என்பதுதான் சண்டை. நிதி உதவி கொடுக்கும் இடத்தில் ஓட்டைப் பற்றிப் பேசினால் ஏழைகளை மிரட்டி ஒரு கட்சிப் பக்கம் தள்ளிவிடுவார்கள் என்றார்கள் எதிர்த்தவர்கள். கடைசியில் சமரசமாக வேலையில்லாதோர் உதவி அலுவலகங்களைக் கட்டாயப் பட்டியலில் சேர்க்காமல் விட்டார்கள், பொது உதவி அலுவலகமும் மாற்றுத்திறனாளிகளுக்கான சேவை அலுவலகமும் உள்ளே வந்தன. ராணுவத்துக்கு ஆள் எடுக்கும் அலுவலகங்களும் பட்டியலில் உண்டு, அதைப் பற்றி மட்டும் யாரும் சண்டை போட்டதில்லை.

மிரட்டுவார்கள் என்ற அந்தப் பயத்தினால்தான் உங்கள் கைக்கு வந்த தாள் அவ்வளவு விசித்திரமாக இருக்கிறது. அதில் இருக்கும் வாக்கியங்கள் அலுவலகம் எழுதியவை அல்ல, சட்டத்திலேயே இருப்பவை. ‘நீங்கள் இப்போது வசிக்கும் இடத்தில் வாக்காளராகப் பதிவு செய்யவில்லை என்றால் இன்று இங்கேயே விண்ணப்பிக்க விரும்புகிறீர்களா’ என்று ஒரு கேள்வி. பதிவு செய்தாலும் மறுத்தாலும் உங்களுக்குக் கிடைக்கும் உதவித்தொகை மாறாது என்று ஒரு வரி. படிவம் நிரப்ப உதவி வேண்டுமானால் செய்வோம், நீங்களே தனியாக நிரப்பினாலும் சரி என்று இன்னொன்று. யாராவது தலையிட்டால் எங்கே புகார் செய்வது என்றும் இருக்கும். ஊழியர் தன் கட்சி விருப்பத்தைக் காட்டக்கூடாது, ‘எதுக்குங்க உங்களுக்கு இதெல்லாம்’ என்று தடுக்கும் தொனியில் பேசவும் கூடாது. நீங்கள் மறுத்தது ரகசியம், எந்த அலுவலகத்தின் வழியாகப் பதிந்தீர்கள் என்பதும் ரகசியம். ஃபுட் ஸ்டாம்ப் வாங்குகிறவர் என்று ஊருக்குத் தெரிய வேண்டாமே.

எப்போதெல்லாம் கேட்க வேண்டும் என்பதுதான் அடுத்தது. ஒரு தடவை கேட்டுவிட்டால் போதாது. புது விண்ணப்பம், தகுதி மறுபரிசீலனை, புதுப்பித்தல், முகவரி மாற்றம் என்று ஒவ்வொரு தடவையும் கேட்க வேண்டும். ஃபுட் ஸ்டாம்ப், மெடிக்கெய்ட், பணமாகத் தரும் டானிஃப், கர்ப்பிணிகளுக்கும் குழந்தைகளுக்குமான விக் எல்லாமே இதில் அடங்கும். ஃபுட் ஸ்டாம்புக்குப் பல குடும்பங்கள் வருஷத்துக்கு ஒரு தடவையோ இரண்டு தடவையோ தகுதியை நிரூபிக்க வேண்டியிருப்பதால், நியாயமாக நடந்தால் ஒரு குடும்பம் வீடு மாறிய சில மாதங்களுக்குள் இந்தக் கேள்வியைச் சந்தித்தே தீரும். வாங்கிய படிவத்தை 10 நாளுக்குள் தேர்தல் அலுவலகத்துக்கு அனுப்ப வேண்டும், பதிவின் கடைசித் தேதிக்கு 5 நாளுக்குள் வாங்கியிருந்தால் 5 நாளில். தங்கள் சொந்தப் படிவத்தை நிரப்ப எவ்வளவு உதவி செய்வார்களோ அதே அளவு உதவியை இதற்கும் செய்ய வேண்டும். மாற்றுத்திறனாளி வீட்டுக்கே போய்ச் சேவை செய்யும் அலுவலகம் என்றால் பதிவும் வீட்டுக்கே போக வேண்டும்.

எல்லா மாநிலங்களுக்கும் இது பொருந்தாது, ஆறு மாநிலங்களுக்கு விலக்கு உண்டு. நார்த் டகோட்டாவில் வாக்காளர் பதிவு என்பதே கிடையாது. மின்னசோட்டா, விஸ்கான்சின், வயோமிங், ஐடஹோ, நியூ ஹாம்ப்ஷயர் மாநிலங்களில் தேர்தல் அன்றே வாக்குச்சாவடியில் பதியலாம் என்பதால் விலக்கு. உங்கள் நண்பர் அந்த ஆறில் ஒன்றில் இருந்தால் கேட்காததில் தப்பே இல்லை. வேறு எங்காவது என்றால் சட்ட மீறல்.

இனி விஷயத்துக்கு வருவோம். சட்டம் 1995 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்தது. வந்ததுமே சில மாநிலங்கள் முடியாது என்றன. கலிபோர்னியாவில் கவர்னர் பீட் வில்சன், இல்லினாயில் ஜிம் எட்கர், மிச்சிகனில் தேர்தலைக் கவனிக்கும் செக்ரட்டரி ஆஃப் ஸ்டேட் கேண்டிஸ் மில்லர். மத்திய அரசு பணமும் தராமல் மாநில ஊழியரை வேலை வாங்குவது அரசியல் சாசனத்துக்கு விரோதம் என்பது வாதம். கூட்டாட்சிச் சண்டை நமக்கும் பழக்கம்தான் என்பதால் வாதத்தில் இருக்கும் கோபம் புரியும். ஆனால் நாடாளுமன்றத் தேர்தல் எப்படி நடக்க வேண்டும் என்று மாநிலச் சட்டத்தை மீறி விதிக்க அரசியல் சாசனத்தின் முதல் ஷரத்து, 4-ஆம் பிரிவு காங்கிரசுக்கு வெளிப்படையாகவே அதிகாரம் தருகிறது. 1995 இல் 7-வது சர்க்யூட் (மத்திய மேல்முறையீட்டு நீதிமன்றம்) நீதிபதி ரிச்சர்ட் போஸ்னர் எழுதிய தீர்ப்பு இதை முடித்துவைத்தது, 9-வது சர்க்யூட்டும் அப்புறம் 6-வது சர்க்யூட்டும் அதே வழியில் போயின. மிசிசிப்பி இன்னும் கொஞ்சம் சாமர்த்தியமாக, இந்தச் சட்டப்படி பதிந்தவர்கள் மத்தியத் தேர்தலில் மட்டும் ஓட்டுப் போடலாம், மாநிலத் தேர்தலுக்குத் தனியாகப் பதிய வேண்டும் என்று இரண்டு பட்டியல் வைத்துப் பார்த்தது. 1997 இல் உச்ச நீதிமன்றம், மத்திய அரசின் முன்அனுமதி வாங்காமல் இதை நடைமுறைப்படுத்தக்கூடாது என்று நிறுத்தியது.

வெளிப்படையாக எதிர்த்தவர்கள் தோற்றார்கள். சத்தமே போடாமல் கைவிட்டவர்கள்தான் ஜெயித்தார்கள்.

1995, 96 ஆகிய இரண்டு ஆண்டுகளில் பொது உதவி அலுவலகங்கள் வழியாக நாடு முழுக்க வந்த பதிவு விண்ணப்பங்கள் சுமார் 26 லட்சம். 2005, 06 இல் அது ஐந்தரை லட்சத்துக்குக் கீழே. ஐந்தில் ஒரு பங்குதான் மிச்சம். இதற்கு வழக்கமாகச் சொல்லப்படும் பதில், 1996 இல் நலத்திட்டச் சீர்திருத்தம் வந்தது, உதவி வாங்குபவர்கள் குறைந்தார்கள், அதனால் பதிவும் குறைந்தது என்பது. பணமாக உதவி வாங்கியவர்கள் குறைந்தது உண்மை. ஆனால் ஃபுட் ஸ்டாம்பைப் பாருங்கள். 1995, 96 இலும் சராசரியாக இரண்டரைக் கோடிப் பேருக்கு மேல், 2005, 06 இலும் அதே இரண்டரைக் கோடிப் பேருக்கு மேல். நடுவில் குறைந்து மறுபடி ஏறியிருந்தது. ஆக, மேசைக்கு முன்னால் நின்ற கூட்டம் ஏறக்குறைய அதேதான். கேட்பதைத்தான் நிறுத்திவிட்டார்கள்.

ஏன் நிறுத்தினார்கள்? பெரும்பாலும் சதியெல்லாம் இல்லை என்பது என் கருத்து. ஒரு நலத்திட்ட ஊழியரின் வேலை எதை வைத்து அளக்கப்படுகிறது என்று பாருங்கள்: எத்தனை விண்ணப்பத்தை எத்தனை நாளில் முடித்தார், தப்பான ஆளுக்கு எவ்வளவு பணம் போனது. பதிவுத் தாளைக் கொடுத்தாரா இல்லையா என்பதை யாரும் எண்ணுவதில்லை. 1995 இல் பயிற்சி பெற்றவர் ஓய்வு பெற்றுப் போய்விடுவார், புதிதாக வந்தவருக்கு யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள், படிவம் தீர்ந்துபோனால் மறுபடி அச்சடிக்கச் சொல்ல ஆள் இருக்காது. கம்ப்யூட்டர் மென்பொருளை மாற்றும்போது அந்தக் கேள்வி இருந்த திரை காணாமல் போகும். இப்படித் தேய்ந்து தேய்ந்துதான் ஒரு சட்டக் கடமை இல்லாமல் போகிறது. சில இடங்களில் மேலே இருப்பவர்களுக்கு அது வசதியாகவும் இருந்தது என்பதையும் மறுக்க மாட்டேன்.

இப்போது தட்டிக் கேட்பது யார் என்ற கேள்வி. இந்தியாவில் 1950 ஆம் ஆண்டு மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 32-ஆம் பிரிவு, வாக்காளர் பட்டியல் வேலையில் நியாயமான காரணம் இல்லாமல் கடமை தவறிய அலுவலருக்கு 3 மாதத்துக்குக் குறையாமல் 2 ஆண்டு வரை சிறை என்கிறது. தேர்தல் ஆணையமோ தலைமைத் தேர்தல் அதிகாரியோ உத்தரவிட்டு வரும் புகாரின் பேரில்தான் நீதிமன்றம் அதை எடுக்க முடியும், அதனால் அடிக்கடி நடப்பதில்லை, ஆனால் தாளில் இருக்கிறது. அமெரிக்கச் சட்டத்தில் கேட்க மறந்த ஊழியருக்கு அப்படி ஒரு தண்டனை இல்லை. மிரட்டலுக்கும் மோசடிக்கும்தான் குற்றவியல் தண்டனை. கடமையைச் செய்யாத மாநிலத்தின் மேல் சிவில் வழக்குதான் போட முடியும். யாருடைய சம்பளமும் பிடிக்கப்படாது, உத்தரவு வரும், எதிர்த்தரப்பு வக்கீல் செலவை மாநிலம் கட்ட வேண்டியிருக்கும், அவ்வளவுதான்.

வழக்கை இரண்டு பேர் போடலாம். ஒன்று மத்திய நீதி அமைச்சகம். டென்னசி மீது 2002 இல் வழக்குப் போட்டு உடன்பாடு வாங்கியது அவர்கள்தான். 2011 இல் ரோட் ஐலண்ட், அதே ஆண்டு லூயிசியானா. ரோட் ஐலண்ட் கதை சிரிப்பை வரவழைக்கும்: வழக்குக்கு முந்தைய இரண்டு ஆண்டுகளில் மாநிலம் முழுவதிலும் பொது உதவி அலுவலகங்களில் இருந்து போனது 457 படிவம். உடன்பாடு ஆன பிறகு முதல் முழு மாதத்திலேயே அதைவிட அதிகம் போனது. ஆனால் அமைச்சகத்தின் ஆர்வம் வெள்ளை மாளிகையில் யார் இருக்கிறார் என்பதைப் பொறுத்து ஏறி இறங்கும். பட்டியலில் இருந்து பெயரை நீக்கச் சொல்லும் 8-ஆம் பிரிவில் ஒரு கட்சிக்கு அக்கறை, சேர்க்கச் சொல்லும் 7-ஆம் பிரிவில் இன்னொன்றுக்கு. ஒரே சட்டத்தின் இரண்டு பக்கங்கள்தான் இவை.

இரண்டாவது, பாதிக்கப்பட்ட யாரும். இதைச் சட்டத்திலேயே எழுதி வைத்தது பெரிய புத்திசாலித்தனம். வாக்குரிமையில் இனப் பாகுபாட்டைத் தடுக்கும் வோட்டிங் ரைட்ஸ் ஆக்டின் 2-ஆம் பிரிவின்படி தனியார் வழக்குப் போட முடியாது என்று 2023 இல் 8-வது சர்க்யூட் சொன்னதை நினைத்துப் பார்த்தால், அதன் அருமை தெரியும். நடைமுறை இப்படி: மாநிலத்தின் தலைமைத் தேர்தல் அதிகாரிக்கு, பெரும்பாலும் அது செக்ரட்டரி ஆஃப் ஸ்டேட், எழுத்தில் நோட்டீஸ் கொடுக்க வேண்டும். திருத்திக்கொள்ள 90 நாள் அவகாசம். மத்தியத் தேர்தலுக்கு 120 நாளுக்குள் நடந்த மீறல் என்றால் அவகாசம் 20 நாள்தான். 30 நாளுக்குள் நடந்தது என்றால் நோட்டீசே வேண்டாம், நேரே கோர்ட்டுக்குப் போகலாம்.

ஆதாரம் எப்படித் திரட்டுகிறார்கள் என்பது எனக்குப் பிடித்த பகுதி. மாநிலங்கள் தேர்தல் உதவி ஆணையத்துக்கு இரண்டு ஆண்டுக்கு ஒரு முறை எந்த வழியாக எத்தனை பதிவு வந்தது என்று கணக்குக் கொடுக்க வேண்டும். அதை எடுத்து, அதே காலத்தில் அந்த மாநிலத்துக்கு வந்த ஃபுட் ஸ்டாம்ப் விண்ணப்பங்களின் எண்ணிக்கையோடு வைத்துப் பார்ப்பார்கள். லட்சக்கணக்கில் விண்ணப்பம், சில நூறு பதிவு என்றால் எங்கோ ஓட்டை. அப்புறம் அலுவலக வாசலில் போய் நின்று, வெளியே வருபவர்களிடம் ‘உங்களிடம் கேட்டார்களா, தாள் கொடுத்தார்களா’ என்று கேட்டு எழுதிக்கொள்வார்கள். உள்ளே போய், பதிவுப் படிவம் இருக்கிறதா என்று கேட்பார்கள், இல்லை என்ற பதிலே ஒரு சாட்சி. ஆவணங்களைக் கேட்டு வாங்குவார்கள். மறுத்தவர்களின் தாள்களை 22 மாதம் வைத்திருக்க வேண்டும் என்பதால், அந்தத் தாள்களே அலுவலகத்தில் இல்லை என்றால் கேட்கவே இல்லை என்றுதானே அர்த்தம்.

இந்த முறையில் கிடைத்த முதல் பெரிய வெற்றி மிசௌரி. 2008 ஜூலையில் மத்திய நீதிபதி நேனட் லாஃப்ரி சமூகச் சேவைத் துறைக்கு எதிராக இடைக்கால உத்தரவு போட்டார். அதுவரை ஆண்டுக்கு 8,000 பதிவுகூட வராத அலுவலகங்களில் இருந்து அடுத்த ஓராண்டில் ஒரு லட்சத்துக்கு மேல் வந்தது. அதே ஊழியர்கள், அதே மேசை. வழக்குப் போட்ட, ஏழைகளுக்காக இயங்கிய அகார்ன் அமைப்பு வேறு சர்ச்சைகளில் சிக்கி 2010 இல் கலைந்துபோனது தனிக் கதை.

உங்கள் ஓஹையோ இதைவிட முக்கியம். அங்கே நலத்திட்டங்களைக் கவுன்ட்டிகள்தான் நடத்துகின்றன. 2006 இல் வழக்கு வந்தபோது மாநில அதிகாரிகள் சொன்னது: நாங்கள் என்ன செய்ய முடியும், 88 கவுன்ட்டியும் தனித்தனி, அவர்கள் மேல் போடுங்கள். கீழ்க் கோர்ட் ஒப்புக்கொண்டது. 2008 அக்டோபரில் 6-வது சர்க்யூட் அதைக் கவிழ்த்தது. சட்டம் கடமையை மாநிலத்தின் மேல் வைத்திருக்கிறது, ஒருங்கிணைப்பதற்கென்றே ஒரு தலைமைத் தேர்தல் அதிகாரியை நியமிக்கச் சொல்கிறது, வேலையைக் கீழே தள்ளிவிட்டதால் பொறுப்பும் கீழே போய்விடாது என்றது. இது இல்லை என்றால் 88 வழக்கு போட வேண்டியிருந்திருக்கும், அதாவது ஒன்றுகூட வந்திருக்காது. 2009 நவம்பரில் உடன்பாடு ஆனது. மாதம் இரண்டாயிரத்துக்கும் குறைவாக இருந்த பதிவு பத்தாயிரத்தைத் தாண்டியது. உங்களுக்கு அந்தத் தாளை நீட்டினார்கள் என்றால் அதன் வேர் அங்கேதான் இருக்கிறது. லூயிசியானாவில் செக்ரட்டரி ஆஃப் ஸ்டேட் டாம் ஷெட்லர், நலத்துறை என் கீழ் இல்லை, அவர்களைக் கட்டாயப்படுத்த எனக்கு அதிகாரம் இல்லை என்று இதையே வேறு வடிவில் சொல்லிப் பார்த்தார். 2014 இல் 5-வது சர்க்யூட் அதையும் ஏற்கவில்லை.

நியூ மெக்சிகோ வழக்கு சின்னதாகத் தெரியும், ஆனால் ரசமானது. அங்கே நலத்துறை, கேள்வித்தாளில் ‘ஆம்’ என்று குறித்தவர்களுக்கு மட்டும் பதிவுப் படிவம் கொடுத்தது. இரண்டு கட்டத்தையும் காலியாக விட்டவர்? எதையும் குறிக்காவிட்டால் பதிவு வேண்டாம் என்று முடிவெடுத்ததாகக் கருதப்படும் என்று தாளிலேயே இருக்கிறதே, அதனால் படிவம் தரத் தேவையில்லை என்றது துறை. 2012 இல் 10-வது சர்க்யூட் என்ன சொன்னது தெரியுமா? படிவத்தைக் கொடுக்கும் கடமை ஒன்று, இந்தக் கேள்வியைக் கேட்கும் கடமை வேறு. ஒருவர் எழுத்தில் மறுத்தால் மட்டும்தான் படிவம் கொடுக்காமல் இருக்கலாம், காலியாக விடுவது எழுத்தில் மறுப்பது ஆகாது. இது வெறும் சட்ட நுணுக்கம் இல்லை. அலுவலகத்தில் பதினைந்து பக்கம் நிரப்பிக் களைத்துப்போனவர் காலியாக விடுவது சாதாரணம், அவர் கையில் படிவம் இருந்தால் வீட்டில் போய் நிரப்பி அனுப்பலாம்.

இப்போதைய சண்டை ஆன்லைன், போன், தபால் பற்றியது. 1993 இல் எல்லாரும் நேரில் வந்தார்கள். இன்று ஃபுட் ஸ்டாம்பைப் போனிலேயே புதுப்பிக்கிறார்கள். நேரில் வந்தால்தான் கடமை என்று ஜார்ஜியா மாநிலச் சட்டமே சொன்னது. 2012 இல் மத்திய நீதிமன்றம், எப்படி விண்ணப்பித்தாலும் கேட்டே ஆக வேண்டும் என்றது. லைசென்ஸ் பக்கத்தில் டெக்சாஸ் இதையே செய்தது: ஆன்லைனில் லைசென்ஸ் புதுப்பித்தவர்கள் பதிவுக்கும் டிக் அடித்துவிட்டு, பதிந்துவிட்டோம் என்று நம்பி வாக்குச்சாவடிக்குப் போனால் பெயர் இல்லை. வழக்குப் போட்டவர்கள் 2018 இல் ஜெயித்தார்கள், ஆனால் 2019 இல் 5-வது சர்க்யூட் அதை ரத்து செய்தது. காரணம், வழக்கு நடக்கும்போதே அவர்கள் வேறு வழியில் பதிந்துவிட்டார்களாம், அதனால் இனி பாதிப்பு இல்லையாம். மறுபடி வீடு மாறிய ஒருவரை வைத்து வழக்கைத் திரும்பத் தொடங்கி 2020 இல்தான் உத்தரவு வாங்கினார்கள். தனியார் வழக்கின் பலவீனம் இதுதான்: சரியான நேரத்தில் சரியான விதத்தில் பாதிக்கப்பட்ட ஆள் கிடைக்க வேண்டும், அவர் வருஷக்கணக்கில் காத்திருக்கவும் வேண்டும்.

உடன்பாட்டில் என்னதான் இருக்கும் என்றால், பெரும்பாலும் சலிப்பூட்டும் சமாசாரங்கள். ஒவ்வொரு அலுவலகத்திலும் இதற்கென்று பெயர் குறிப்பிட்ட ஒரு பொறுப்பாளர். ஆண்டுப் பயிற்சி. பதில் குறிக்காமல் அடுத்த பக்கம் போக விடாத கம்ப்யூட்டர் திரை. மாதம்தோறும் அலுவலக வாரியாக எண்ணிக்கை, ஓர் அலுவலகம் மட்டும் தனியாகச் சரிந்தால் விசாரணை. ஏற்கனவே விட்டுப்போனவர்களுக்குத் தபாலில் படிவம். என் கணிப்பில் இதில் உயிர்நாடி அந்த மாதக் கணக்குதான். மற்றதெல்லாம் இருந்தும் எண்ணாமல் விட்டால் பழைய கதைதான், உடன்பாடு சில ஆண்டுகளில் காலாவதியானதும் எண்ணுபவர் யார் என்ற கேள்வி திரும்ப வரும். வழக்கே இல்லாமல் இதைச் செய்த மாநிலமும் உண்டு. நார்த் கரோலைனாவுக்கு நோட்டீஸ் போனபோது தேர்தல் வாரியத்தின் இயக்குநர் கேரி பார்ட்லெட் எதிர்த்து நிற்காமல் உட்கார்ந்து பேசி, கணக்கு எடுக்கத் தொடங்கினார், பதிவு பல மடங்கு ஏறியது.

அரசியல் இல்லையா என்று கேட்டால், இருக்கிறது. 2012 இல் மாசசூசெட்சில் இப்படி ஒரு வழக்கின் இடைக்கால உடன்பாட்டின்படி உதவி பெறும் சுமார் 4,78,000 பேருக்குப் பதிவுப் படிவம் தபாலில் போனது. அப்போது செனட் தேர்தலில் குடியரசுக் கட்சியின் ஸ்காட் பிரவுனும் ஜனநாயகக் கட்சியின் எலிசபெத் வாரனும் மோதிக்கொண்டிருந்தார்கள். வழக்கின் பின்னால் இருந்த டெமோஸ் அமைப்பின் நிர்வாகக் குழுத் தலைவர் வாரனின் மகள். பிரவுன் விடுவாரா? எதிராளிக்கு ஓட்டுச் சேர்க்க மக்கள் வரிப்பணமா என்று கொதித்தார். அவர் இடத்தில் யார் இருந்தாலும் கேட்டிருப்பார்கள். ஆனால் மாநிலம் அத்தனை வருஷம் ஒழுங்காகக் கேட்டிருந்தால், தேர்தலுக்கு முன்னால் ஒரே மூச்சில் அவ்வளவு கடிதம் போட வேண்டிய அவசியமே வந்திருக்காது.

அண்மைக் காலத்தில் நடந்ததையும் சொல்லிவிடுகிறேன். 2021 மார்ச்சில் பைடன், மத்திய அரசு அலுவலகங்களும் மாநிலங்கள் கேட்டால் பதிவு மையங்களாகலாம் என்று உத்தரவு போட்டார், அதன்படி சில மாநிலங்களில் பழங்குடி மக்களுக்கான மருத்துவமனைகளும் முன்னாள் ராணுவத்தினர் மருத்துவமனைகளும் சேர்ந்தன. 2025 ஜனவரி 20 அன்று டிரம்ப் பதவியேற்ற நாளிலேயே அந்த உத்தரவை ரத்து செய்தார். மார்ச்சில் வந்த இன்னொரு உத்தரவு, பொது உதவி பெறுபவருக்குப் படிவம் கொடுக்கும் முன் மத்திய அலுவலகங்கள் அவரது குடியுரிமையை மதிப்பிட வேண்டும் என்றது, ஏப்ரலில் வாஷிங்டன் மத்திய நீதிமன்றம் அதை இடைக்காலமாக நிறுத்தியது. இந்த இழுபறி எல்லாம் மத்திய அலுவலகங்களைப் பற்றியது. மாநிலத்தின் ஃபுட் ஸ்டாம்ப், மெடிக்கெய்ட் அலுவலகங்களின் மேல் இருக்கும் கடமை காங்கிரஸ் எழுதிய சட்டத்தில் இருந்து வருகிறது, அதிபரின் கையெழுத்தால் மட்டும் அது போய்விடாது.

கேட்பது, தாள் கொடுப்பது என்ற சிக்கலே வேண்டாம், தகுதி இருப்பவரைத் தானாகவே பதிந்துவிடலாமே என்று 2016 இல் ஓரிகன் டிஎம்வியில் தொடங்கிப் பல மாநிலங்கள் போய்விட்டன. மாசசூசெட்சில் மெடிக்கெய்டும் அதில் சேர்ந்திருக்கிறது. எனக்கு அதில் நம்பிக்கை உண்டு, ஆனால் ஓர் ஆபத்தும் உண்டு. 2024 இல் ஓரிகன் டிஎம்வி, குடியுரிமைக்கு ஆதாரம் காட்டாத ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்களைத் தவறுதலாக வாக்காளராகப் பதிந்துவிட்டதாக ஒப்புக்கொண்டது. கேள்வித்தாள் முறையில் ‘இல்லை’ என்று சொல்ல உங்களுக்கு ஓர் இடம் இருக்கிறது. தானியங்கி முறையில் தவறு நடந்தால் உங்களுக்கே தெரியாமல் நடக்கும், பின்விளைவு உங்கள் தலையில் விழும்.

அதனால் உங்கள் கடைசிக் கேள்வி. உங்களிடம் கேட்டது தப்பில்லை. விண்ணப்பிக்கும் எல்லாரிடமும் கேட்க வேண்டும் என்பதுதான் சட்டம், பிள்ளைக்காக வந்த பெற்றோர் குடிமகனா இல்லையா என்று ஊழியர் முகத்தைப் பார்த்து முடிவு செய்யத் தொடங்கினால் அது வேறு வம்பில் முடியும். தகுதி இருக்கிறதா என்று உறுதி சொல்லும் பொறுப்பு படிவத்தில் கையெழுத்திடுபவருடையது. கிரீன் கார்டு, எச்1பி, எச்4, எதுவாக இருந்தாலும் ‘இல்லை’ என்பதில் குறியுங்கள். காலியாக விடாதீர்கள், ஊழியர் ‘பரவாயில்லை, போட்டு வையுங்கள்’ என்றாலும் கையெழுத்துப் போடாதீர்கள். குடிமகன் என்று பொய்யாகச் சொல்வது நாடு கடத்தப்படக் காரணமாகும், விதிவிலக்கு மிகக் குறுகியது. பின்னாளில் குடியுரிமைக்கு என்-400 படிவம் போடும்போது அமெரிக்காவில் எப்போதாவது வாக்காளராகப் பதிந்திருக்கிறீர்களா, ஓட்டுப் போட்டிருக்கிறீர்களா என்ற கேள்வி இருக்கும், தெரியாமல் நடந்தது என்று அப்போது விளக்குவது பெரும்பாடு. மறுத்த தாளின் நகல் கிடைத்தால் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். தானியங்கிப் பதிவு உள்ள மாநிலத்தில் லைசென்ஸ் எடுத்திருந்தால், மாநிலத் தேர்தல் இணையதளத்தில் உங்கள் பெயரைப் போட்டு ஒரு தடவை தேடிப் பாருங்கள், தவறுதலாக இருந்தால் நீக்கச் சொல்லி எழுத்தில் கேளுங்கள், அதற்கு முன் குடியேற்ற வக்கீல் ஒருவரிடம் பேசிவிடுங்கள்.

உங்கள் நண்பர் குடிமகனாக இருந்து, விலக்கு பெற்ற ஆறு மாநிலங்களுக்கு வெளியே இருந்தால், அடுத்த தடவை அவரே படிவத்தைக் கேட்டு வாங்கலாம், கொடுத்துத்தான் ஆக வேண்டும். இல்லை என்று சொன்னால் தேதி, அலுவலகம், எதற்காகப் போனார் என்பதைக் குறித்து மாநிலத்தின் செக்ரட்டரி ஆஃப் ஸ்டேட்டுக்கு, அல்லது அங்கே தேர்தலுக்குப் பொறுப்பான தலைமை அதிகாரிக்கு, ஒரு கடிதம் போடச் சொல்லுங்கள். அந்த 90 நாள் கடிகாரம் எழுத்தில் போன நோட்டீசுக்குத்தான் ஓடத் தொடங்கும், போனில் சொன்னதற்கு ஓடாது.